நிற்கும் எலும்பு, உருளும் எலும்பு

காலை மணி ஆறு நாற்பது. அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அவளுடைய வலது நடுவிரல் நகம். மருதாணி வைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நுனியில் சிவப்பு, அடியில் புதிதாக வளர்ந்த பகுதி. அந்தப் புதிய பகுதி சாம்பல் நிறத்தில் இருந்தது.

நெட்டுக்குப்பத்தில் காலையில் எதைத் தொட்டாலும் சாம்பல் ஒட்டும். ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குடம், கொடியில் காயும் துணி, எல்லாவற்றிலும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி இரவெல்லாம் தூவியது படிந்திருக்கும். இதுவும் அதுதான் என்று நினைத்து என் கட்டைவிரலால் நகத்தைத் துடைத்தேன். போகவில்லை. அவள் விரல் குளிர்ந்திருந்தது.

"இன்னாடா தொடச்சிகினு கீற? இட்லி எடுத்தாந்தியா?" என்றாள் அக்கா. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு தலையணைகள், அவற்றின் மேல் கட்டுப் போட்ட கை, விரல்கள் மட்டும் தெரியப் போர்வை.

"வலி எப்டிக்கா கீது?"

"நாலு மணிலேர்ந்து உயிரு போச்சி. இப்ப பரவால்ல. மரத்துப் போயி கம்முனு கீது."

வாசலில் டீ கிளாஸோடு நின்றிருந்த மாமா, அக்காவின் கணவர், உள்ளே எட்டிப் பார்த்தார். "பாத்தியா மச்சான்? எலும்பு ஆடிச்சின்னா வலிக்கும். ஆடாம நிறுத்தினேன், வலி அடங்கிடுச்சி."

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. வலி இருந்திருந்தால் வந்திருக்காது.

முந்தின நாள் மாலை மார்க்கெட்டில், மீன் கூடை இறக்க வந்த டெம்போவின் பின்கதவு அக்காவின் கை மேல் விழுந்தது. கதவைப் பிடித்திருந்த கொக்கி கழன்றுவிட்டது. இரும்புக் கதவுக்கும் கூடையின் விளிம்புக்கும் நடுவே வலது முன்கை. அருகில் இருந்த சிறிய மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு எலும்பும் நடுவில் முறிந்திருந்தன. வீக்கம் வடிந்ததும் அறுவை செய்து தகடு வைக்க வேண்டும், இரவு இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். அக்கா ஒப்பவில்லை. "வூட்ல ரெண்டு பெட்டி மீனு ஐஸ்ல கீது. அத யாரு பாக்கறது?" என்றாள். கைக்கு அடியில் மட்டும் மாவுப்பட்டை வைத்து, மேலே பஞ்சும் துணியும் சுற்றி அனுப்பினார்கள்.

கிளம்பும்போது நர்ஸ் என்னிடம் இரண்டு விஷயங்கள் தந்தார். ஒன்று, வாயால் சொன்னது: "கை இன்னும் வீங்கும். அதுக்கு எடம் வேணும். அதனாலதான் லூசா கட்டியிருக்கோம்." மாமா அப்போது ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். இன்னொன்று, அச்சடித்த சீட்டு. நான் பத்திரிகை ஆபீசில் மெய்ப்புப் பார்த்துத் தேறியவன். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் முதலில் பிழைதான் தெரியும். நான்காவது வரியில் ஒரு பிழை இருந்தது. பேனாவை எடுத்துத் திருத்தினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஆட்டோ வந்துவிட்டது.

அந்தச் சட்டை இப்போது திருவொற்றியூரில் என் வீட்டுக் கொடியில் கிடந்தது. ஆனால் திருத்திய வரி மறக்காது. விரல்கள் மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ, விரலை நீட்டும்போது வலி பொறுக்க முடியாமல் போனாலோ உடனே வரவும்.

"கட்ட யாரு தொட்டது மாமா?"

"நான்தான். நாலு மணிக்கு எழுந்து பாத்தேன். துணிய சும்மா சுத்தி உட்டு வெச்சிகீறானுங்க. பிடிப்பே இல்ல. என்னாத்த படிச்சானுங்களோ."

போர்வையை விலக்கிப் பார்த்தேன். மருத்துவமனைத் துணியின் மேல், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வலை பின்னும் பச்சை நைலான் நூல். ஒரே இடைவெளியில் சுற்றிச் சுற்றி வந்து, நான்கு இடங்களில் முடிச்சு. மாமா முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும் நாளெல்லாம் வலை பின்னுகிறவர். அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்து வலை போனதாக நான் கேட்டதே இல்லை. இழுக்க இழுக்க இறுகுமே தவிர, இளகாது. கையில் வீக்கம் ஏற ஏற அந்த நூல்தான் இழுபட்டுக்கொண்டிருந்தது.

நானும் காசிமேட்டில் வலைக்கு நடுவே வளர்ந்தவன். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் தளர்ந்த கட்டைப் பார்த்து இதையே செய்திருப்பேன். ஆனால் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் வேறொரு நர்ஸ். நகம் சாம்பல் நிறம், விரல் மரத்திருக்கிறது, கட்டு இறுக்கப்பட்டிருக்கிறது என்று மூன்று வாக்கியம் சொன்னேன். அவர் குரல் மாறியது. "எல்லாத்தையும் வெட்டுங்க. நூல், துணி, பஞ்சு, தோல் தெரியற வரைக்கும். கையத் தூக்கிப் பிடிக்காதீங்க, தொங்கவும் விடாதீங்க. நெஞ்சு மட்டத்துல வெச்சுக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. இங்க வராதீங்க, நேரா அங்க போங்க." இங்க வராதீங்க என்ற சொல்தான் என்னை உலுக்கியது.

மாமா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. நகத்தால் நெருடினார், பல்லால் கடித்தார். பிறகு கூரையில் செருகியிருந்த வலைக்கத்தியை எடுத்தார்.

"யோவ், நான் இன்னா வலையா? இந்தக் கட்டு கட்டிகீற," என்றாள் அக்கா.

"ஆடாத. ஆடுனா அறுத்துடும்."

"அறுத்தாக்கூட எனக்குத் தெரியாது போலகீதே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாமாவின் கை நின்றுவிட்டது. கத்தியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை, அக்காவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். அவரே நூலுக்கு அடியில் தன் இடது சுட்டுவிரலை நுழைத்து, தன் விரலின் மேல் வைத்து அறுத்தார். ஒவ்வொரு நூலும் அறுபடும்போது 'டிக்' என்று சத்தம் வந்தது. பிறகு துணி. பிறகு பஞ்சு. பஞ்சு விலகியதும் தெரிந்த தோல், ஊதிய பலூனைப் போலப் பளபளவென்று இருந்தது. நூல் ஓடிய தடம் அதில் வரிவரியாகப் பதிந்திருந்தது. மாமாவின் சுட்டுவிரலில் ரத்தம்.

நகத்தில் மெல்ல நிறம் வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். "அக்கா, வெரல நீட்டு," என்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் பாதி மடங்கியபடியே இருந்தன.

"நீட்டிகினுதாண்டா கீறேன்," என்றாள்.

பயம் வந்தால் நான் மணி எழுதுவேன். செய்தியாளனாக இருந்த நாளில் பிடித்த பழக்கம். பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதினேன்: 4.00 கட்டு இறுக்கியது. 6.40 பார்த்தது. 6.55 அறுத்தது. 7.10 ஆட்டோ.

ஆட்டோவில் அக்கா நடுவில், மாமா இடதுபுறம், நான் வலதுபுறம். தலையணையை என் இரண்டு கைகளிலும் தாங்கி, அதன் மேல் மாவுப்பட்டையோடு அவள் கையை நெஞ்சு மட்டத்தில் பிடித்திருந்தேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் கைக்குள் எதுவோ எதன் மேலோ உரசுவது தலையணை வழியாகவே எனக்குத் தெரிந்தது. அக்கா கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

எர்ணாவூர் தாண்டியதும் டிரெய்லர்கள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் வண்டிகள், ஒன்றின் பின்னால் ஒன்று, கண்ணுக்கு எட்டிய வரை. சில ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் வரிசை இப்போதைக்கு நகராது என்று அர்த்தம்.

"இன்னாபா, எதுனா பண்ணு," என்றார் மாமா.

"இன்னா பண்றது நைனா? இது ரோடு இல்ல, கன்டெய்னரு ஸ்டாண்டு," என்றார் ஆட்டோக்காரர். பிறகு கண்ணாடியில் அக்காவின் கையைப் பார்த்தார். வண்டியை எதிர்ப்பக்கச் சாலைக்குத் திருப்பினார். கடல் அலையைத் தடுக்கப் போட்ட கருங்கல் வரிசையை ஒட்டி, எதிரே வரும் லாரிகளின் முகத்துக்கு நேராகப் போனோம். ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டித் திட்டினான். "கைய பார்ரா பேமானி!" என்று ஆட்டோக்காரர் கத்தினார். லாரி ஒதுங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் அதையே கத்திக்கொண்டு போனார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "கைய எடுத்துடுவாங்களாடா?"

"சேச்சே."

"பொய் சொல்லச் சொல்லோ உன் மூஞ்சி சகிக்கல. எடுக்கலன்னா போதும். மடங்கி இருந்தாகூட, திரும்பினாப் போதும். மீனு திருப்பணும்ல."

மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருவதுதான் அவள் வேலை. அரிவாள்மனையின் அலகு நகராது. மீன்தான் நகரும். செதிலுக்குக் கை கவிழ்ந்திருக்கும். வயிற்றைக் கீறும்போது நிமிரும். துடுப்புக்கு மறுபடி கவிழும். குடலை வழிக்க மறுபடி நிமிரும். வஞ்சிரமானாலும் சங்கராவானாலும் இதுதான். அவள் பேரம் பேசுவாள், பக்கத்துக் கடைக்காரியை வம்புக்கு இழுப்பாள், கையைப் பார்க்கவே மாட்டாள். அது தானாகக் கவிழ்ந்து நிமிர்ந்துகொண்டிருக்கும்.

எட்டு ஐந்துக்கு ஆஸ்பத்திரி வாசல். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் இளம்பெண். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "நாடி இருக்கு," என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது. "நாடி இருக்கறத நம்பக் கூடாதுங்க," என்று சொல்லிவிட்டு, அக்காவின் மோதிர விரலைப் பிடித்து அரை அங்குலம் நிமிர்த்தினார். அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கட்டு எத்தன மணிக்கு இறுக்கினது?"

"விடியக்காலம்," என்றார் மாமா.

"விடியக்காலம்னா?"

நான் குறிப்பேட்டைத் திறந்து படித்தேன். நான்கு மணி, கட்டு இறுக்கியது. ஆறு நாற்பது, பார்த்தது. ஆறு ஐம்பத்தைந்து, அறுத்தது. டாக்டர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். தான் செய்ததை இப்படி மணியோடு இன்னொருவர் வாயால் கேட்பது எப்படி இருக்கும் என்று படித்து முடித்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

"யாரு இறுக்கினது?"

"நான்தான் மேடம்."

"லூசாத்தான் இருக்கணும்னு அங்க சொல்லலையா?"

"யாருமே சொல்லல மேடம்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்கைத் தசைகள் தனித்தனி உறைகளுக்குள் இருக்கின்றன, அந்த உறை விரிந்து கொடுக்காது என்றார் அவர். உள்ளே வீங்கினால் போக இடமில்லாமல் ரத்தக் குழாயையும் நரம்பையும் நசுக்கும். உறையைக் கீறித் திறந்துவிட வேண்டும். கீறிய காயத்தைச் சில நாள் மூடாமலே வைக்க வேண்டும். "கை இருக்கும். எவ்வளவு வேலை செய்யும்னு இப்ப சொல்ல முடியாது. சில மணி நேரம் ரத்தம் போகலன்னாலே தசை செத்துடும். நீங்க அந்தக் கணக்கோட ஓரத்துல இருக்கீங்க."

சம்மதத் தாளில் இடது கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். "எனக்குக் கையெழுத்து போடத் தெரியும்," என்றாள் அக்கா. எந்தக் கையால் என்று யாரும் கேட்கவில்லை. அவளே இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்தாள். ஒன்பது இருபதுக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

வராந்தாவில் மாமாவும் நானும் சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான் என் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி, கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை. அல்னா, ரேடியஸ் என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். உள்ளங்கை மேலே தெரிய வைத்தால் இரண்டும் தண்டவாளம் போல அருகருகே கிடக்கும். கவிழ்த்தால் அரந்தி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆரைதான் உருண்டு, அதன் மேல் குறுக்காகப் போய் விழும். உள்ளங்கை ஆரையோடு கோக்கப்பட்டது. ஆரை போகும் பக்கம் கையும் போகும். முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் ஒரு சிறு குழி இருக்கும். அங்கே மற்றொரு கையின் விரலை வைத்துக்கொண்டு கையைத் திருப்பினால், தோலுக்கு அடியில் பொத்தான் போல ஒன்று சுழல்வது தெரியும். அது ஆரையின் தலை. நாரால் ஆன ஒரு வளையத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. ஆரை நேரான எலும்பு அல்ல, வெளிப்பக்கம் லேசாக வளைந்தது. அந்த வளைவு இருப்பதால்தான் அரந்தியின் மேல் இடிக்காமல் தாண்ட முடிகிறது. முறிந்ததைச் சேர்க்கும்போது அந்த வளைவு தவறினால் பாதி வழியில் இடித்து நின்றுவிடும். இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு சவ்வு. அது சுருங்கினாலும் அப்படித்தான்.

இதில் பாதி டாக்டர் சொன்னது, மீதி பிறகு படித்துச் சரிபார்த்தது. அன்று வராந்தாவில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் கை எந்தத் தடையும் இல்லாமல் திரும்பியது என்பதுதான். அதை நிறுத்த முடியவில்லை. கவிழ்த்தேன், நிமிர்த்தினேன்.

பக்கத்தில் மாமாவின் கைகளும் சும்மா இல்லை. இடது விரல்களில் வலையின் கண் இருப்பது போலவும், வலது விரல்களில் ஊசி இருப்பது போலவும், மடியில் ஒன்றுமே இல்லாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சுக்கு ஒரு திருப்பு. சுட்டுவிரலில் ரத்தம் காய்ந்திருந்தது. என் கையும் அவர் கையும் ஒரே நேரத்தில் கவிழ்வதைப் பார்த்ததும் நான் என் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"மச்சான்," என்றார், என்னைப் பார்க்காமல். "அவனுங்க ஏன் லூசா கட்டினானுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் இன்னா வேணும்னா பண்ணேன்?"

"சொல்லியிருக்கலாம் மாமா," என்றேன்.

இரண்டாம் நாள் காயத்தைப் பிரித்தபோது நான் பார்த்தேன். முழங்கை மடிப்பிலிருந்து உள்ளங்கை வரை நீளமாக ஒரு திறப்பு, உள்ளே தசை. டாக்டர் இடுக்கியால் ஓர் இடத்தைத் தொட்டார், துடித்தது. இன்னோர் இடத்தைத் தொட்டார், துடிக்கவில்லை. துடிக்காததைக் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இரண்டு எலும்புக்கும் தனித்தனித் தகடு வைத்து, தொடைத் தோலை எடுத்துக் காயத்தை மூடினார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக நீள ஆரம்பித்தன. மோதிர விரல் கடைசியாக.

கை திரும்புமா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எலும்பு சேர்ந்த பிறகுதான் தெரியும் என்றார்கள். மூன்று மாதம் மாமா சரியாகக் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் நூலைத் தொடவே இல்லை. கிழிந்த வலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். நர்ஸ் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுவரை சொல்லவில்லை.

நான்காம் மாதம், காலை பத்தரை மணி. அதே டாக்டர் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். முழங்கையை விலாவோடு ஒட்டி, தொண்ணூறு டிகிரி மடக்கி, பேனாவை முஷ்டிக்குள் செங்குத்தாகப் பிடிக்கச் சொன்னார். பேனா நேராக நிற்பது பூஜ்யம். அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறதோ, அவ்வளவு ஆரை உருள்கிறது.

முதலில் இடது கை. பேனா இரண்டு பக்கமும் போய்ப் படுத்தது.

பிறகு வலது. "கவுத்துங்க," என்றார் டாக்டர். பேனா உள்பக்கமாகச் சாய்ந்தது. கிட்டத்தட்ட இடது கை போன தூரம் போனது. மாமா என் தோளைப் பிடித்தார்.

"இப்ப நிமித்துங்க."

பேனா எழுந்து நேராக நின்றது. வெளிப்பக்கம் சாயத் தொடங்கியது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் சேர்ந்து சாய்ந்தது. டாக்டர் தோளைப் பிடித்து நிறுத்தினார். பேனாவின் முனை லேசாக நடுங்கியது. "இன்னும்," என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம்."

"அவ்ளோதான் மேடம். இடிக்குது."

டாக்டர் கோணமானியை வைத்துப் பார்த்தார். பேனாவை என்னிடம் திருப்பித் தராமல் அதனாலேயே சீட்டில் எழுதினார். உள்ளங்கை மேலே திரும்புவது: இடது 85 டிகிரி, வலது 40.